செங்கோட்டை மனப்பாடமும் புனலூர் ஊகமும்

என் அத்தானுக்கு ஒரு பழக்கம். கேரளத்துப் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டுக் கை கழுவுகிற வரை வாயே திறக்க மாட்டார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஆரம்பிப்பார். "உங்க பக்கம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்னா ஒப்பிக்கிறதுதான மாப்ள. நாலு வரி சொந்தமா எழுதச் சொல்லு, முழிக்கும்." நானும் சும்மா இருப்பதில்லை. "உங்க பக்கம் பேரை ஒழுங்கா எழுதினாலே பாஸ் போட்டுருவாங்களே அத்தான்" என்பேன். 2024இல் கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 99.69 சதவீதம், தமிழ்நாட்டில் 91.55. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டே நாங்கள் ஒரு சாயங்காலத்தை ஓட்டியிருக்கிறோம். அக்கா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் எந்தக் காலேஜ்ல புரொஃபசரு?" என்று கேட்டபோதுதான் நிறுத்தினோம்.

விளையாட்டுச் சண்டைதான், ஆனாலும் அது என்னை விடவில்லை. என் மகளும் அக்கா மகனும் ஒரே வயது. இவள் செங்கோட்டையில், அவன் புனலூரில், ஒரே வருடம் பத்தாவது எழுதினார்கள். நடுவில் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. வீட்டில் பேசுவது ஒரே தமிழ், இருவரும் இங்கிலீஷ் மீடியம், இருவருக்கும் அவரவர் மாநிலப் பாடத்திட்டம். ஆனால் ஆங்கிலப் பரீட்சைக்கு அவர்கள் படித்த விதத்தைப் பார்த்தால் ஒரே மொழியைத்தான் படிக்கிறார்களா என்று சந்தேகம் வரும். மகள் கையில் எப்போதும் ஒரு சொல் பட்டியல் இருக்கும். மருமகன் கையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. "வேர்ட் மீனிங் எல்லாம் படிக்கலையாடா?" என்று கேட்டால், "அதொண்ணும் சோதிக்க மாட்டாங்க மாமா" என்பான். 'கேட்க மாட்டாங்க' என்பதுதான் மலையாள வாடையில் அப்படி வருகிறது. தமிழில் எடுத்துக்கொண்டாலும் பொருள் கெடவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தேர்வில் எழுத்துத் தாளுக்கு 80, தொடர் மதிப்பீட்டுக்கு 20. தாளைக் கொடுத்ததும் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம், பேனாவைத் தொடக்கூடாது, படித்துப் பார்க்கலாம். அப்புறம் கதையில் வரும் ஒருவரின் டைரியை எழுது, கடிதம் எழுது, விட்டுப்போன உரையாடலை நிரப்பு, இந்தக் குறிப்புகளை வைத்து ஒருவரைப் பற்றி எழுது என்று போகும். நம் பக்கமும் 15 நிமிடம் உண்டு. அதில் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்க, 5 நிமிடம் விவரங்களைப் பூர்த்தி செய்ய. பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் தேடுவது ஒன்வேர்டைத்தான்.

பிப்ரவரி லிஸ்ட்

நான் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருப்பவன். பிப்ரவரி வந்துவிட்டால் எங்கள் மெஷினில் கல்யாணப் பத்திரிகையை விடப் பரீட்சைத் தாள்தான் அதிகம் ஓடும். டியூஷன் சார்கள் புக் பேக், ஒன்வேர்டு, மினிமம் மெட்டீரியல் என்று கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். ஆங்கிலத்துக்கு என்றால் கண்டிப்பாக ஒரு சினானிம், ஆன்டனிம் லிஸ்ட் இருக்கும். பாடவாரியாகப் பிரித்து, இடது பக்கம் சொல், நடுவில் அதே பொருள் தரும் சொல், வலது ஓரம் எதிர்ச்சொல். பேக் டு பேக் போட்டால் நாலைந்து தாளில் ஒரு வருடத்து ஆங்கிலம் அடங்கிவிடும். அந்தத் தாளைப் பிள்ளைகள் சட்டைப் பையில் மடித்து வைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டு வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பார்கள். வேர்வையில் நனைந்து எழுத்து கலைந்ததும் மறுபடி என்னிடமே வருவார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இதில் உண்டு. ஒரிஜினலை யாரும் கொண்டுவருவதில்லை. பிரதியின் பிரதிக்குப் பிரதிதான் வரும். மூன்று நான்கு தலைமுறை கடந்ததும் ஆங்கில எழுத்துகளுக்கு உருவம் மாறிவிடும். 'ஈ' எழுத்தின் கண் மையில் அடைத்துக்கொண்டு 'ஓ' ஆகும். 'ஆர்' பக்கத்தில் 'என்' நின்றால் இரண்டும் ஒட்டி 'எம்' ஆகிவிடும். ஒரு தடவை கவுண்டரில் நின்றுகொண்டு ஒரு பையன் "ஸ்டெம், ஸ்ட்ரிக்ட், ஸ்டெம், ஸ்ட்ரிக்ட்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தான். தாளை வாங்கிப் பார்த்தேன். அது 'ஸ்டெர்ன்', கண்டிப்பான முகம் என்கிறோமே, அது. எழுத்து ஒட்டி 'ஸ்டெம்' ஆகியிருந்தது. ஸ்டெம் என்றால் தண்டு என்பது சயின்ஸில் அவன் படித்ததுதான். தண்டுக்கும் கண்டிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. தோன்றாததற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் எந்தச் சொல்லுக்கும் பக்கத்துச் சொல்லுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்கும்படி அவனிடம் யாரும் சொன்னதில்லை.

ஆறு மதிப்பெண்

நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் முதல் பகுதியில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள். முதல் மூன்று ஒத்த சொல், அடுத்த மூன்று எதிர்ச்சொல். ஒரு வாக்கியம் கொடுத்து, அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போட்டு, நாலு விடை தருவார்கள். அந்த வாக்கியம் பெரும்பாலும் பாடத்தில் உள்ளதாகவே இருக்கும். அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வாக்கியத்தையே பார்ப்பதில்லை. அடிக்கோட்டைப் பார், விடையைப் பார், அடுத்த கேள்விக்குப் போ. கேள்வி தயாரித்தவர் என்னவோ வாக்கியத்தோடுதான் கேட்கிறார். நாம்தான் அதை உரித்து எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் லிஸ்ட்டில் ஏற்றிவிட்டோம்.

இந்த ஆறு மதிப்பெண்ணை நான் கேலி செய்யவில்லை. நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ் என்கிற இடத்தில், ஆங்கிலம் என்றாலே வயிற்றைக் கலக்குகிற ஒரு பிள்ளைக்கு ஆறு என்பது பெரிய தொகை. பீடி சுற்றுகிற அம்மா இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் கணக்குப் பார்த்து அந்த லிஸ்ட்டை வாங்கிப்போவதை நான் பார்க்கிறேன். அவர்களிடம் போய் மனப்பாடம் தப்பு என்று பேச எனக்கு வாய் வராது. என் கேள்வி அடுத்த படியில் இருக்கிறது. ஆறுக்கு ஆறும் எடுத்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சொற்கள் சொந்தமாகிவிட்டனவா?

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கும் ஒரு காலத்தில் பிள்ளைகள் அட்டை அட்டையாக அரிய சொற்களை உருப்போட்டார்கள். அங்கே 1994இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்தார்கள். 2005இல் சொல் ஒப்புமைக் கேள்விகளும் போயின. 2016இல் தேர்வை மாற்றி அமைத்தபோது, யாரும் புழங்காத சொற்களைக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு பத்தியைக் கொடுத்து அதில் வரும் சாதாரணச் சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் கிராமர் ஸ்கூலில் சேர பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் எழுதும் லெவன் பிளஸ் தேர்வில் ஒத்த சொல், எதிர்ச்சொல் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. அங்கேயும் ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் பிழைத்துக்கொண்டிருப்பான்.

பழைய பேப்பர் கட்டு

மே மாதம், இரண்டு பக்கமும் ரிசல்ட் வந்த பிறகு புனலூர் போயிருந்தோம். மகளுக்கு ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல், மருமகனுக்கு ஏ பிளஸ். அத்தான் பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிவந்து அங்கே விற்கிறவர். பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிய பழைய பேப்பர் கட்டு வீட்டு வராந்தாவில் கிடக்கும். அதில் மலையாளப் பேப்பரும் உண்டு, ஆங்கிலப் பேப்பரும் உண்டு. மதியம் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போய்விட்டது, பிள்ளைகளின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சண்டையைத் தீர்த்துவிடலாம் என்று அத்தானுக்கு அப்போதுதான் தோன்றியது. கட்டிலிருந்து ஒரு ஆங்கிலத் தாளை உருவினார். கோடைக்காலத்தில் மலையில் எங்கோ தீப்பிடித்த செய்தி. "ரெண்டு பேரும் இதை வாசிச்சு எங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க. அக்கா தீர்ப்புச் சொல்லட்டும்."

மகள் முதலில் வாசித்தாள். உச்சரிப்பு சுத்தம், ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. இரண்டாவது வரியில் 'டிவோர்' என்ற சொல் வந்தது. தீ புல்வெளியை 'டிவோர்' செய்தது என்று இருந்தது. நின்றுவிட்டாள். உள்ளே படுத்திருந்த அத்தானின் அம்மா, "யாருக்குடி டிவோர்ஸ்?" என்று கேட்டார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பு முதல் பாடத்திலேயே இருக்கிறது. பறக்கப் பயப்படும் கடற்புறாக் குஞ்சு பாறை விளிம்பில் நிற்கிறது, அதன் அண்ணன் முதல் மீனைப் பிடித்துப் பாறைமேல் நின்று 'டிவோர்' செய்கிறது. "டிவோர்னா ஈட், ஸ்வாலோ. லிஸ்ட்ல இருக்குப்பா" என்றாள். "அப்ப சொல்லும்மா" என்றேன். "நெருப்பு எப்படிப்பா சாப்பிடும்? பேப்பர்ல தப்பா அடிச்சிருக்கான்."

மருமகனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவன் கவலைப்படவும் இல்லை. "ஃபயர்னு இருக்கு, கிராஸ்லேண்ட்னு இருக்கு, எத்தனையோ ஹெக்டேர்னு இருக்கு. கத்திப் போச்சு, அவ்வளவுதான் மாமா" என்றான். மலையாளத்தில் கத்துவது என்றால் எரிவது. சரியான விடை. அத்தான் முகத்தில் வெற்றிலைச் சிவப்பையும் மீறி ஒரு வெளிச்சம். எனக்கு உறைத்தது வேறு. தீக்கிரையானது என்று நம் தமிழ்ப் பேப்பரில் அவள் எத்தனையோ முறை படித்திருப்பாள். குடிசைகள் தீக்கிரை, குடோன் தீக்கிரை. அதில் உள்ள இரை என்ன? நெருப்பு தின்னும் என்பது அவளுக்குத் தமிழில் தெரியும். ஆனால் லிஸ்ட்டில் இருந்து வந்த சொல்லோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல் ஒரு விடையோடு பிறந்து விடையோடு நின்றுவிட்டது. அதற்கு வெளியே ஒரு உலகத்தில் அது நடமாடும் என்று அவள் நினைக்கவே இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் அத்தான் கட்சி ஜெயித்துவிட்டது என்று எழுதியிருப்பேன். மருமகன் அதே வேகத்தில் தொடர்ந்து வாசித்தான். "பக்கத்துல ஆளுங்க இருக்கிற காலனிக்கும் தீ பரவிருச்சு." மகள் தாளின் மேல் குனிந்தாள். "பரவிச்சா? எங்கடா இருக்கு?" அவன் விரலை வைத்துக் காட்டினான். "இதோ, ஸ்ப்ரெட்." அவள் பார்த்துவிட்டு, "ஸ்ப்ரெட்டா? எழுத்துக்கூட்டிப் படி. எஸ், பி, ஏ, ஆர், ஈ, டி. ஆர் பின்னால இருக்கு பாரு" என்றாள். 'ஸ்பேர்டு'. அத்தான் போனில் அகராதியைத் தேடினோம். சைக்கிள் கடை ஸ்பேர் பார்ட்ஸ் வந்தது, மிச்சம், உபரி என்று வந்தது, கீழே போனால் விட்டுவைத்தல், தீங்கு செய்யாது விடுதல் என்று இருந்தது. காலனியைத் தீ தொடவில்லை என்பதுதான் செய்தி. இவன் ஊரையே எரித்துவிட்டான்.

இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பரீட்சைகளும் நல்ல மதிப்பெண் கொடுத்து அனுப்பியிருந்தன. இவள் குறையை அவள் பரீட்சை கண்டுபிடிக்காது. அடிக்கோட்டுச் சொல்லுக்குக் கீழே விடை எழுதியே இருக்கும். அவன் குறையை அவன் பரீட்சையும் கண்டுபிடிக்காது. தெரியாத சொல்லைத் தொடாமல் தெரிந்த சொல்லை வைத்துச் சரளமாக ஒரு டைரி எழுதிவிடுவான், ஆசிரியருக்குச் சந்தோஷம். ஆனால் எழுத்து எழுத்தாகப் பார்க்கிற அவள் கண் இல்லாவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் அத்தனை பேரும் காலனி எரிந்ததாகவே நம்பிக்கொண்டு தூங்கப் போயிருப்போம். அக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. கரண்ட் வந்துவிட்டது.

மருமகனுக்கு அந்த ஊகிக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று திரும்பி வரும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். அது பள்ளிக்கூடம் தந்ததில்லை என்றுதான் படுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், எல்.கே.ஜி. முதல் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உட்கார்ந்து பழகியவன். தெரியாத சொல் வந்தால் முன்னே பின்னே பார்த்து ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வான், தப்பானால் கூட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், திருத்திக்கொள்வான். மலையாளம் அவனுக்கு அப்படித்தான் வந்தது, பட்டியல் போட்டு யாரும் கொடுக்கவில்லை. என் மகளும் எல்லை ஊர்க்காரிதான், சபரிமலை சீசனில் ஊர் முழுக்க மலையாளம் கேட்கும். ஆனால் அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை, காதில் விழுந்து போய்விடும். ஆங்கிலத்தில் அவன் பிழை எங்கே என்றால், சிரிக்க ஆள் இல்லை. மலையாளத்தில் தப்பாக ஊகித்தால் அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். ஆங்கிலப் பேப்பரில் தப்பாக ஊகித்தால் காலத்துக்கும் தெரியாது.

எது பெரிய சொல்?

அப்புறம்தான் இந்தச் சொல் பட்டியல்களைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். பட்டியல் என்றாலே மோசம் என்ற எண்ணம் மாறியது. மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு வெள்ளைக்காரர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுவதை வருடக்கணக்கில் பார்த்தவர். பிற்காலத்தில், 1953இல், அவர் வெளியிட்ட ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்டில் சுமார் 2,000 சொற்கள். ஆனால் அது நம் பிப்ரவரி லிஸ்ட் மாதிரி இல்லை. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு, அதில் எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை தடவை புழங்குகிறது என்று கணக்கே போட்டிருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று அந்த மனிதர் ஒரு காலத்திலும் நினைக்கவில்லை.

நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006இல் வேறொரு கணக்கைச் சொன்னார். நாவலோ செய்தித்தாளோ யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. கேர், கேர்ஃபுல், கேர்லெஸ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இதை முதலில் படித்தபோது மனசு விட்டுப்போனது. பத்தாவது ஆங்கில லிஸ்ட்டில் சில நூறு சொற்கள்தான் இருக்கும். இந்த வேகத்தில் போனால் என் மகள் பேரன் எடுக்கும்போதுதான் பேப்பர் படிப்பாள்.

மனசு தேறியது இன்னொரு பட்டியலைப் பார்த்தபோது. ஆவ்ரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000இல் தொகுத்த அகாடமிக் வேர்ட் லிஸ்ட். எந்தப் பாடமாக இருந்தாலும் படிப்புப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் மட்டும். அஸ்யூம், கன்சிஸ்ட், இண்டிகேட், சிக்னிஃபிகண்ட் என்று போகிறது. மகளின் பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இரண்டு மூன்று கண்ணில் படுகின்றன. 'அஸ்யூம்' என்றால் என்ன என்று கேட்டேன். "கணக்குல வருமேப்பா, லெட் அஸ் அஸ்யூம்னு" என்றாள். அதுக்கு என்ன பொருள் என்றதற்கு, "அது சும்மா ஸ்டார்ட்டிங்ல போடுறது" என்றாள். கடற்புறாக் குஞ்சு ஏக்கமாகக் கத்தியதற்கு உள்ள 'ப்ளெயின்டிவ்லி'க்குப் பொருள் சொல்கிறவள், தினமும் பார்க்கிற சொல்லைத் தோரணம் மாதிரி நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறாள்.

பெற்றோர்கள் கடைக்கு வந்து, "கொஞ்சம் ஹார்டு வேர்ட்ஸா உள்ள லிஸ்ட் இருக்கா தம்பி?" என்று கேட்கும்போது எனக்கு இப்போது ஒரு அபிப்பிராயம் உண்டு. சொல்வதில்லை, வியாபாரம் கெடும். ஹார்டு என்று அவர்கள் நினைப்பது நீளமான, நாக்கு சுளுக்குகிற சொற்களை. அவை கதையில் ஒரு முறை வரும், பரீட்சையில் ஒரு முறை வரும், அப்புறம் பத்து வருடம் கண்ணில் படாது. உண்மையில் பிள்ளையை மேலே ஏற்றுவது நடுத்தரமான சொற்கள்தான். எளிதாகவும் இருக்காது, அலங்காரமாகவும் இருக்காது, ஆனால் பிசிக்ஸிலும் எகனாமிக்ஸிலும் பேங்க் ஃபாரத்திலும் வந்து நிற்கும். அவற்றை ஒருவரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆங்கில ஆசிரியர் அது பிசிக்ஸ் சொல் என்று விட்டுவிடுகிறார், பிசிக்ஸ் ஆசிரியர் அது இங்கிலீஷ் என்று விட்டுவிடுகிறார்.

பத்திரிகை அட்டை

பிளஸ் ஒன் சேர்ந்ததும் மகளிடம் பழைய முறையை விடு என்று நான் சொல்லவில்லை. பிளஸ் ஒன்னிலும் அதே மூன்று சினானிம், மூன்று ஆன்டனிம் காத்திருக்கின்றன. கடையில் கல்யாணப் பத்திரிகை வெட்டியது போக மிஞ்சும் அட்டைத் துண்டுகள் நிறையக் கிடக்கும், நல்ல கெட்டி அட்டை, சிலவற்றின் ஓரத்தில் தங்க ஜரிகை கூட இருக்கும். அதில் ஒரு கட்டைக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை. அட்டையின் முன்பக்கம் சொல்லைத் தனியாக எழுதக் கூடாது. எங்கே பார்த்தாயோ அந்த வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல் இருக்கும் இடத்தில் கோடு இழுத்துவிடு. சொல்லைப் பின்பக்கம் எழுது. பொருளை ஆங்கிலத்தில் எழுதுவதோ தமிழில் எழுதுவதோ உன் இஷ்டம். வேறொரு இடத்தில் அதே சொல்லைப் பார்த்தால் அந்த வாக்கியத்தையும் அதே அட்டையில் சேர்த்துவிடு. 'டிவோர்' அட்டையில் மீன் ஒரு வரி, தீ ஒரு வரி என்று அப்படித்தான் ஆரம்பித்தது.

அட்டைகளை அடுக்க ஏ4 பேப்பர் பெட்டியின் மூடியில் தடுப்பு வைத்துக் கொடுத்தேன். இதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. செபாஸ்டியான் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1972இல் எழுதிய முறை. எல்லா அட்டையும் முதல் அறையில் ஆரம்பிக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், அந்த அறையைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் எடுப்போம். தப்பினால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும். மறக்கப் போகிற நேரத்தில் ஒரு தட்டு தட்டுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழுதும் உட்கார்ந்து படிப்பதற்கு இது நேர் எதிர். சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டுத் தட்டு வரும் முன்னே பத்து அட்டையைத் தள்ளிவிடலாம்.

அட்டை எழுதிக்கொண்டிருந்தபோது அவளே ஒன்றைக் கவனித்தாள். முன்னொட்டும் பின்னொட்டும் தெரிந்தால் புதுச் சொல்லின் பாதி கதவு திறந்துவிடுகிறது. பாட்டனி, சூவாலஜியில் வருகிற கிரேக்க, லத்தீன் துண்டுகளை எழுதி ஒரு தனிக் கட்டு வைத்திருக்கிறாள். நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம் என்று நாம் பழகியதுதான். ஆனால் இதை நம்பி ஓடவும் முடியாது. 'இன்' வந்தால் எதிர்ப்பதம் என்று நினைத்து 'இன்ஃப்ளேமபிள்' என்பதைத் தீப்பிடிக்காதது என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அதே எழுத்தை எழுதிவிட்டுப் போகும் பெட்ரோல் டேங்கர் தினமும் எங்கள் கடை வழியாகத்தான் மலையேறுகிறது. அவளைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திக் காட்டினேன்.

மருமகனையும் இதில் இழுத்துவிட்டோம். அவனுக்கு அட்டை பிடிக்காது. எழுதச் சொன்னால் ஓடிவிடுவான். அதனால் அவன் வேலை, பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒரு வரியைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவது, கூடவே தன் ஊகத்தைக் குரல் பதிவாகப் போடுவது. அவள் வேலை, அதை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் திட்டுவது. சிரிக்க ஆள் இல்லாத குறை இதில் ஓரளவு தீர்ந்தது. அவள் இன்னும் தெரியாத சொல்லில் சறுக்கி நிற்கத்தான் செய்கிறாள். அவன் இன்னும் தெரியாததைத் தாண்டி ஓடத்தான் செய்கிறான். ஆனால் அவன் இப்போது அனுப்பும் பதிவுகளில், "இது ஊகம்தான், டிக்‌ஷனரி பாக்கல" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். முன்பெல்லாம் அவனுக்கு எது ஊகம், எது தெரிந்தது என்ற வித்தியாசமே கிடையாது.

போன வாரம் அட்டைப் பெட்டியைச் சுத்தம் செய்தோம். முதல் அறையை விட்டு நகராமல் ஒரு கட்டு அப்படியே கிடந்தது. திரும்பத் திரும்பத் தப்புகிறது, ஏறவே மாட்டேன் என்கிறது. எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் டியூஷன் லிஸ்ட்டிலிருந்து அவசரத்தில் எழுதியவை, முன்பக்கம் வாக்கியமே இல்லை. "இதையெல்லாம் என்னப்பா செய்ய?" என்று கேட்டாள். பாடத்தில் தேடி வாக்கியம் கிடைத்தால் எழுது, கிடைக்காவிட்டால் தூக்கிப் போடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் எழுந்து போய் பழைய வினாத்தாள் கட்டை எடுத்துவந்து தரையில் பரப்பினாள். ஒவ்வொரு அட்டையாக ஒத்துப்பார்த்து, வினாத்தாளில் வந்த சொற்களை மட்டும் தனியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள். "இது மார்ச் வரைக்கும் இருக்கட்டும்ப்பா. மத்ததைத் தூக்கிப் போட்டுரலாம்."